அவார்டு என்று எழுதியிருந்தாயே

மாதா துணை

இராயபுரம், மதராஸ்
1967 ஆகஸ்ட் 20

அன்பு மகள் ஆலிசுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் நைனாவும் உன் தம்பி ஜேக்கப்பும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்குத்தான் குறை இல்லை என்றேன், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எப்போதும் நீல ஏரோகிராமில் ஓரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதி நிரப்புகிற அம்மா இந்தத் தடவை எதற்குக் கவரில் அனுப்பியிருக்கிறாள், இத்தனை ஸ்டாம்புக்கு ஏது காசு என்று நீ யோசிப்பாய். ஏரோகிராமுக்குள் வேறு தாள் வைத்தால் தபாலாபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால்தான். உள்ளே இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிரி. நீ அவசரக்காரி, இந்நேரம் பிரித்துப் பார்த்திருப்பாய், இருந்தாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோகும். இங்கே ரேஷனில் படி அரிசி ஒரு ரூபாய்க்குப் போடுகிறார்கள், கியூ மட்டும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நிற்கிறது. எண்ணூரில் கரண்டு உற்பத்தி பண்ணப் பெரிய பெரிய கட்டடம் எழுப்புகிறார்கள், மணலியில் எண்ணெய் ஆலை வரப்போகிறதாம், உன்னைப் போலக் கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது என்று நைனாவோடு ஹார்பரில் இருக்கும் ரஹீம் மாமா பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். ஜேக்கப் கணக்கில் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டான், கேட்டால் வாத்தியாருக்கு என்மேல் கோபம் என்கிறான், அவன் வயசில் எல்லா வாத்தியாருக்கும் எல்லாப் பிள்ளைமேலும் கோபம்தான். கான்வென்ட் பிள்ளைகளின் யூனிபாரம் தைத்துக் கொடுத்துவிட்டேன், இந்த வருஷம் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார்கள், துணி கூடுதல், கூலி அதேதான். அடுத்த வாரம் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது, தெருவில் பாதிப் பேர் நடந்தே கிளம்பிவிட்டார்கள். நான் இந்த வருஷம் போகவில்லை. மாதாவின் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது என்று எனக்கே தெளிவில்லை. உன்னைப் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்வதா, அங்கேயே இரு என்று சொல்வதா என்று தெரியாமல் ஒரு வாரமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன்.

நீ ஜூன் மாதம் எழுதிய கடிதத்தில், அடுத்த வருஷப் படிப்புக்கு காலேஜில் எனக்கு அவார்டு கொடுத்திருக்கிறார்கள், இனி நீங்கள் பணத்துக்கு அலைய வேண்டாம், நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருந்தாய். அவார்டு என்றால் பரிசு என்று கான்வென்டில் எட்டாவது வரைக்கும் படித்த எனக்குத் தெரியாதா. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன், மறுபடி படி என்றார், மறுபடியும் படித்தேன். அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் போய் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் சாமியார், நம் பங்கைச் சேர்ந்த அம்புரோஸ், டோரதி தம்பதியரின் மகள் ஆலிஸ் அமெரிக்கக் கல்லூரியில் பரிசு பெற்றதற்கு நன்றியாக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசித்தபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. உன் நைனா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பட்டன் ஒன்றும் சேரவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தோம். ஹார்பரில் ஆட்கள் இளைப்பாறும் கொட்டகைப் பலகையில் சாக்பீசால் 'வின்ச் அம்புரோஸ் மகளுக்கு அமெரிக்கப் பரிசு' என்று எழுதி வைத்து அவருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மீன்காரக் கெங்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, இன்னாக்கா, கப்பு வெள்ளிலயா குடுப்பான் தங்கத்துலயா, எத்தினி கிலோ இர்க்கும், கப்பல்ல வர்தா ஏரோப்ளேன்ல வர்தா என்று ஒரே துளைப்பு. நானும் சும்மா இல்லை. திரு இருதயப் படத்துக்குக் கீழே இருக்கிற பலகையில் அலாரம் கடிகாரத்தையும் மெழுகுவர்த்தி டப்பாவையும் அகற்றிவிட்டு, துடைத்து, லேஸ் துணி விரித்து, நீ வாங்கிவரும் கோப்பைக்கு இடம் பண்ணி வைத்தேன். சிரிக்காதே.

போன வாரம் கோதுமைக் கப்பல் ஒன்று வந்தது, அமெரிக்கக் கப்பல். நைனாவுக்கு அதில்தான் மூட்டை தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை. அமெரிக்கா என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு இப்போது சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது, கப்பல்காரப் பையன்களில் யாரைப் பார்த்தாலும் உன்னைத் தெரியுமா என்று கேட்கத் துடிக்கிறார். டெக்கில் ஒரு பையன் இரும்புச் சுத்தியை வைத்துத் துரு தட்டிக்கொண்டிருந்தானாம், உன்னைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும், முகமெல்லாம் வெயிலில் உரிந்துபோய், கையெல்லாம் சிவப்புப் பெயின்டு. சாப்பாட்டு வேளையில் நைனா அவரது தோஸ்து ரஹீம் மாமாவை இழுத்துக்கொண்டு அவனிடம் போயிருக்கிறார். மூட்டைக் கணக்கு எழுதி எழுதி, கப்பல்காரர்களோடு பேசிப் பேசி ரஹீம் மாமா இங்கிலீஷில் சண்டையே போடுவார், உனக்குத் தெரியும். இவரு பொண்ணு உங்க ஊரு காலேஜ்ல படிக்குது, அவார்டு வாங்கிக்கீது என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் முகம் மலர்ந்து கை கொடுத்துவிட்டு, அதில் எவ்வளவு கடன் என்று கேட்டானாம். ரஹீம் மாமாவுக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நைனா பக்கம் திரும்பி, இன்னாபா இவன் லோனுங்கிறான் என்றிருக்கிறார். பையன் பொறுமையாக விளக்கியிருக்கிறான். அங்கே காலேஜ்காரர்கள் இனாமாகத் தருவது கொஞ்சம், அங்கேயே வேலை செய்து கழிப்பது கொஞ்சம், கடனாகத் தருவது கொஞ்சம், மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அதற்கு அவார்டு என்று பெயர் வைத்துவிடுவார்களாம். அவனும் அந்த அவார்டை வாங்கினவன்தானாம். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டானாம். பிறகு ஏன்டா துரு தட்டுகிறாய் என்று கேட்டதற்கு, படிப்பு முடிந்துவிட்டது, அவார்டு இன்னும் முடியவில்லை, கப்பலில் சம்பளம் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தானாம். உன் நைனா சிரிக்கவில்லை.

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பையன் பொய் சொல்ற மூஞ்சி இல்ல மே, நம்ம பொண்ணு பேர்ல லோன் கீதுங்கிறான் என்றார். கப்பல்காரன் பேச்சு, போதையில் உளறியிருப்பான் என்று நான் சண்டை பிடித்தேன். மறுநாள் காலையில் நேராகக் கான்வென்டுக்குப் போய், உனக்கு அங்கே இடம் வாங்கித் தந்த மதரையே கேட்டேன். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் டோரதி என்றார் அவர். முதல் வருஷம் சபைச் சிஸ்டர்கள் உன் காலேஜ் சம்பளத்தை முழுக்க ஏற்றுக்கொண்டார்களாம், இந்த வருஷம் அவர்களால் பாதிதான் கட்ட முடிந்ததாம், மீதிக்குத்தான் காலேஜ் இந்த அவார்டாம், அதில் உன் பங்குக்குக் கடன் எண்ணூறு டாலராம். போன வருஷம் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததிலிருந்து டாலருக்கு ஏழரை ரூபாய். ஏழரை என்றாலே நம் ஊரில் வேறு அர்த்தம், வேதக்காரியாய் இருந்தும் எனக்கு அந்த அர்த்தம்தான் முதலில் ஞாபகம் வந்தது. பெருக்கிப் பார்த்தேன். உன் நைனா இரண்டு வருஷம் சாப்பிடாமல் குடிக்காமல் வின்ச் ஓட்ட வேண்டும். அங்கே ஒரு பிள்ளை ஒரு வருஷம் தங்கிப் படிக்க ஆகிற மொத்தச் செலவில் நம் தெருவில் ஓட்டு வீடு வாங்கிக் கிணறும் வெட்டலாம். மதர் அறை நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். படிக்கிறவரைக்கும் வட்டி கிடையாது என்று மதர் சமாதானம் சொன்னார். வட்டிக்காரன்கூட முதல் நாள் உட்கார வைத்து டீ வாங்கித் தருவான் மதர் என்று என் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டது.

நீ தெரிந்தே மறைத்தாய் என்று முதலில் எனக்கு உன்மேல் ஆத்திரம். உன்னைத் திட்டி ஒரு ஏரோகிராம் எழுதி, உடனே புறப்பட்டு வா என்று முடித்து, ஒட்டியும் விட்டேன். அப்புறம் யோசித்தேன், அந்த ஊர்க்காரனே அவார்டு என்று அச்சடித்துக் கொடுக்கும்போது என் பிள்ளை வேறென்ன என்று எழுதும். அதைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் ஆலிஸ், என்ன தேசம் அது. பிறந்த ஊர்ப் பிள்ளைகளையே கடன்காரர்களாக்கித்தான் படிக்க வைக்கிறார்கள் என்றால் எனக்கு நம்பவே முடியவில்லை. மீசை முளைக்காத பையனையும் சடை பின்னத் தெரியாத பெண்ணையும் உட்கார வைத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்களாமே, அவர்களைப் பெற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு தின்கிறார்கள். இங்கேயும் நாம் கடன் வாங்காமலா வாழ்கிறோம். உன் ஏரோப்ளேன் சார்ஜுக்கு நைனாவின் பி.எப். போனது, என் சங்கிலி போனது, அது எங்கள் கடன், எங்கள் தலைமேல் கிடக்கட்டும். பிள்ளை படிப்பதற்குப் பிள்ளையே கடன் படுவதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. நமக்குக் கோதுமை அனுப்புகிற மகராசர்கள் என்று இத்தனை நாள் அவர்களுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். ரஹீம் மாமாவைக் கேட்டால், அதுவும் சும்மா இல்லம்மா, எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிக்கினுதான் அனுப்புறான் என்கிறார். நம் தெருவில் பெண்கள் நகையும் பாத்திரமும் சீதனமாகக் கொண்டு போவார்கள், கடனைச் சீதனமாகக் கொண்டு போகிற முதல் பெண் நீயாகத்தான் இருப்பாய்.

இன்னொன்று. வேலை செய்து கழிப்பது என்றால் என்ன வேலை என்று மதரிடம் கேட்டேன். காலேஜ் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவுவது என்றார். நம் வீட்டில் நீ தின்ற தட்டை நீ கழுவி நான் பார்த்ததில்லை, படிக்கிற பிள்ளை கை ஊறக்கூடாது என்று நான்தான் பிடுங்கிக் கழுவுவேன். இனி யார் யாரோ தின்ற தட்டையெல்லாம் நீ கழுவப் போகிறாய். அதை நினைத்தால் எனக்கு இங்கே என் பாத்திரங்களைத் தேய்க்கக் கை ஓடவில்லை. கழுவு, வேலை செய்வதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் முடிந்ததும் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள், குளிரில் வெடிக்கும். நான் கொடுத்தனுப்பிய பாட்டில் தீர்ந்துவிட்டால் எழுது, அங்கே வாங்கித் தொலைக்காதே, என்ன விலை சொல்வார்களோ.

விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா. நானே கெங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன், மூடி வைத்தால் எனக்கு வயிறு வலிக்கும். அவள் கூடையைக்கூட இறக்கவில்லை, அப்ப கடனுக்காக்கா பூந்தி குட்த்த என்று கேட்டாள். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அப்புறம் அவளே, சரி வுடுக்கா, பேஜாரு இல்லாத வூடு எங்க கீது, பூந்தி நல்லாத்தான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டு நாலு சங்கரா மீனை என் சட்டியில் போட்டுவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. சாமியாரிடமும் போய்ச் சொன்னோம், ஆண்டவருக்குச் சொன்ன நன்றியை யாரும் திரும்ப வாங்க முடியாது, போங்கள் என்றார். கொட்டகைப் பலகையில் எழுதியதை மட்டும் நைனா அவரே போய்த் துண்டால் அழித்துவிட்டு வந்தாராம்.

உன் நைனாவைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. அவர் தம்பி லூயிஸ் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் சித்தப்பா ஒரு அவசரத்துக்கு வட்டிக்காரனிடம் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வட்டிக்காரன் பிறகு அதன் மேலே தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டான், கல்மண்டபத்தில் இருந்த வீடு போயிற்று, லூயிஸ் எண்ணூர்ப் பக்கம் போய்க் குடிசையில் கிடந்து செத்தான். அன்றிலிருந்து நைனா ஹார்பரில் புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளையும் பிடித்து வைத்து, வெத்துத் தாள்ல மட்டும் கையெய்த்து போடாதே நைனா, கையையே வெட்டிக் குடுத்த மாதிரி என்று சொல்வார், அது அவருக்கு ஜெபம் மாதிரி. மீனம்பாக்கத்தில் உன்னை ஏற்றிவிட்டபோது எல்லா அப்பன்களும் பிள்ளைகளுக்கு என்னென்னவோ புத்தி சொன்னார்கள், இவர் சொன்னது அது ஒன்றுதான். நீ சரி நைனா என்று தலையாட்டினாய், எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

முந்தாநாள் சாயங்காலம் நான் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். நான், பொண்ணைத் திரும்பி வரச் சொல்லி எழுதிடவா என்று கேட்டேன். அவருக்கு அப்படியொரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இன்னாத்துக்கு வரணும், அது படிக்கட்டும், முழுசாப் படிச்சிட்டு வரட்டும், துட்டு போனா போவுது, ஆனா கடன் அது பேர்ல இருக்கக்கூடாது, நான் உசுரோட கீறேன் இல்ல, எம்பேர்ல மாத்தச் சொல்லு என்றார். அப்படியெல்லாம் மாற்ற முடியுமோ என்னவோ என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதனால் எங்கள் முடிவு இதுதான் ஆலிஸ். நீ வர வேண்டாம். அங்கேயே இருந்து படிப்பை முடி. இந்தக் கடனுக்குப் பயந்து வழியில் நிறுத்திவிட்டு வந்தாயானால் உன்னோடு நான் பேச மாட்டேன். ஆனால் இனிமேல் அங்கே எந்தத் தாளை நீட்டினாலும், அவார்டு, பரிசு, அன்பளிப்பு என்று எந்த நல்ல பெயர் போட்டிருந்தாலும், இதைத் திருப்பித் தரணுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேனாவை எடு. எங்களுக்கும் எதையும் இனிப்புத் தடவி எழுதாதே, கடன் என்றால் கடன் என்று எழுது, நாங்கள் தாங்குவோம்.

இப்போது அந்தத் தாளைப் பிரி. மேலே ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்க்காதே. கீழே பார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, சம்பளத் தேதியில் போடுவது போல அதன் குறுக்கே உன் நைனா கையெழுத்துப் போட்டிருக்கிறார். தமிழில் போட்டால் அங்கே செல்லாது என்று ரஹீம் மாமாவிடம் இங்கிலீஷ் எழுத்துக்களை எழுதி வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் எழுதிப் பழகித்தான் போட்டார். நடுவில் ஒரு எழுத்துக்கு ஒரு கால் கூடுதலாகிவிட்டது, வீட்டில் வேறு ஸ்டாம்பு இல்லை, அப்படியே விட்டுவிட்டோம். உன் காலேஜ் ஆபீசில் இதைக் கொடுத்து, மேலே அவர்கள் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளட்டும், ஆலிஸ் பெயரை அடித்துவிட்டு அம்புரோஸ் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னார். வெற்றுத் தாள் ஆச்சே என்று நான் கேட்டேன். பொண்ணுக்குத்தானே குடுக்கிறேன் என்றார். இது அந்த ஊரில் செல்லுமா செல்லாதா என்று எனக்குத் தெரியாது. மதரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அனுப்புங்கள் டோரதி என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிடாதே, அங்கே யார் சாப்பிட்டாலும் சரி. ஸ்வெட்டரை உள்ளே போட்டு அதன்மேல் புடவை கட்டு, அழகு பார்க்காதே. மாதா உன் தலைமாட்டிலேயே நிற்கட்டும், காவல் தூதர் உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும், நீ எடுத்த காரியம் முழுசாக முடியட்டும். திரு இருதயப் படத்துக்குக் கீழே கடிகாரத்தை நான் இன்னும் திரும்ப வைக்கவில்லை, அந்த இடம் அப்படியே இருக்கிறது, உன் பட்டத்தைக் கொண்டுவந்து அங்கே வை. அந்தத் தாளை ஆபீசில் வாங்க மாட்டேன் என்றால் சண்டை போடாதே, கிழித்தும் போடாதே, உன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள். நைனாவுக்கு எழுதும்போது கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுது. மேலே இவ்வளவு நேரம் உனக்குப் பொய் எழுதாதே என்று புத்தி சொன்ன அம்மாதான் இதையும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அந்தத் தாளின் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கும்
உன் அம்மா
டோரதி அம்புரோஸ்